கேட்கிறது, ஆனால் பேச்சு போகவில்லை: படகு வயர்லெஸ்ஸைச் சரிபார்க்கும் வழி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் அக்கரைப்பேட்டை, பழையாறு, மல்லிப்பட்டினம் என்று எங்கே போனாலும் படகுகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். அடிப்பலகை சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். வயர்லெஸ் செட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. கடலுக்குப் போவதற்கு முந்தைய நாள் ஆன் செய்வார்கள். யாரோ பேசுவது கேட்கும். ‘சரி, ஓடுது’ என்று அணைத்துவிடுவார்கள்.

அந்த ‘சரி, ஓடுது’ என்ற வார்த்தைதான் எனக்குப் பயம். கேட்பது ஒரு வேலை, பேசுவது வேறு வேலை. கேட்கும்போது செட் ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். பாதி அறுந்த ஆன்டெனாவிலும் பக்கத்துப் படகின் குரல் தெளிவாக விழும். அதே ஆன்டெனாவில் நாம் பேசினால் நமது குரல் துறைமுகத்தைத் தாண்டாது. ஆகவே கீழே எந்தக் கோளாறைப் பற்றிச் சொன்னாலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: மைக் பட்டனை அமுக்கியபடி அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அளந்த அளவு எதையும் நிரூபிக்காது.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு மல்டிமீட்டர். ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், அதாவது அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டுவது, அதுவும் 150 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அளக்கக்கூடியது. லாரி ரேடியோவுக்கான 27 மெகாஹெர்ட்ஸ் மீட்டரை வாங்கிவந்து மாட்டினால் முள் ஆடும், ஆனால் அது காட்டுவது உண்மை இல்லை. சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடு ஒன்று கிடைத்தால் நல்லது. அப்புறம் 60 வாட்டுக்குக் குறையாத சாலிடரிங் அயர்ன், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்.

செட் ஆன் ஆகவே இல்லை

இது சுலபமான கோளாறு, ரொம்ப யோசிக்க வேண்டாம். செட்டின் பின்பக்கம் வரும் சிவப்பு, கறுப்பு வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வந்தால் செட்டில் கோளாறு. வராவிட்டால் பியூஸ். பியூஸ் கம்பி முழுசாக இருந்தாலும் நம்பாதீர்கள். கண்ணாடி பியூஸ் ஹோல்டருக்குள் உப்புக்காற்று புகுந்து ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். பியூஸைக் கழற்றி இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்துப் போட்டாலே பல செட்டுகள் உயிர் பெறும். புதிதாக மாட்டுவதென்றால் மூடியுள்ள பிளேடு பியூஸ், 10 ஆம்பியர், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே. செட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பேட்டரியிலிருந்து வரும் வயருக்குப் பாதுகாப்பு இருக்காது. அது எங்கேயாவது உரசித் தீப்பிடித்தால் தடுக்க ஒன்றும் இல்லை.

பியூஸ் போட்டவுடன் போட்டவுடன் எரிகிறதா? சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆன் ஆகிறது, மைக்கை அமுக்கினால் அணைகிறது

திரை மங்கும், அல்லது செட் ஒருமுறை அணைந்து திரும்ப வரும், அல்லது எதிர்ப்பக்கம் கேட்பவர் ‘பேச்சு வெட்டி வெட்டி வருது’ என்பார். மூன்றும் ஒரே நோய்தான். மின்சாரம் வழியிலேயே தொலைகிறது.

பெரும்பாலான செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. 15 விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.7-க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி கரையில் ஓய்வாக இருக்கும்போது 12.4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி கீழே இன்ஜின் அறையில், செட் மேலே கேபினில். வயர் வளைந்து நெளிந்து 6 மீட்டர் போகிறது. போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர். வீட்டு டியூப்லைட்டுக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டிருந்தால், 6 ஆம்பியர் ஓடும்போது அந்த வயர் மட்டும் 1.3 வோல்ட்டைத் தின்றுவிடும். செட்டுக்குப் போய்ச் சேர்வது 11.1. கேட்பதற்கு அது போதும், பேசுவதற்குப் போதாது. அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். 4 போட்டால் இன்னும் நிம்மதி. ஈயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெறும் செம்பு இரண்டு வருஷத்தில் இன்சுலேஷனுக்கு உள்ளேயே கறுத்துப்போகும்.

அளக்கும் விதம் இது. ஒருவர் மைக் பட்டனை 25 வாட்டில் அமுக்கட்டும். இன்னொருவர் முதலில் பேட்டரி முனையில் அளக்கட்டும், பிறகு செட்டின் பின்பக்கம். பேட்டரியிலேயே 11.5-க்கு விழுந்தால் பேட்டரி போய்விட்டது. பேட்டரியில் 12.3 நின்று, செட்டில் 11 வந்தால் நடுவில் எங்கேயோ இழப்பு. பியூஸ் ஹோல்டர், சுவிட்ச், முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு என்று ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துக்கொண்டே வாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டும் இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் அங்கே டேப்பைப் பிரித்தால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

விசைப்படகுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. இரண்டு பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்து வயர்லெஸ்ஸுக்குக் கொடுப்பார்கள். உடனே வேலை செய்யும். ஆனால் அந்த ஒரு பேட்டரி தினமும் கூடுதலாகக் காலியாகும், மற்றது கூடுதலாக சார்ஜ் ஏறிக் கொதிக்கும். ஒரே வருஷத்தில் இரண்டும் கெடும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர், 10 ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடியதாகப் பார்த்து மாட்டுங்கள்.

கேட்கிறது, நாம் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை

நான் அதிகம் பார்த்த கோளாறு இது. அதிகம் செட் மாற்ற வைத்த கோளாறும் இதுதான், தேவையே இல்லாமல்.

முதலில் செட்டில் ‘லோ பவர்’ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 1 வாட்டில் வைத்துவிட்டு மறந்துபோவது உண்டு. அது இல்லையென்றால் ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் டம்மி லோடை மாட்டி, நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்துப் பேசுங்கள். 20, 25 வாட் காட்டினால் செட் நல்ல செட். கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. இந்த ஒரு சோதனை ஐந்து நிமிஷம்தான். அதைச் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுச் செட் வாங்கியவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்து ஆன்டெனாவை மாட்டி எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். 1.5 வரை நல்லது. 2 என்றால் நூற்றுக்கு 11 பங்கு திரும்பி வருகிறது, சமாளிக்கலாம். 3 என்றால் கால் பங்கு திரும்புகிறது, நிறுத்திவிட்டுத் தேடுங்கள். ஆன்டெனா இல்லாமலோ முள் எகிறி நிற்கும்போதோ 25 வாட்டில் பேசிக்கொண்டே இருக்காதீர்கள், கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும்.

எஸ்.டபிள்யூ.ஆர். அதிகம் என்றால் பத்தில் எட்டு முறை முனையில் இருக்கும் பிஎல்-259 கனெக்டர்தான். கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ‘பீப்’ அடிக்கும் நிலையில் போட்டு, நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே வையுங்கள். சத்தம் வரக் கூடாது. வந்தால், வெளிப்பின்னலில் ஒரு முடி இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு மேல்முனையில் ஊசியையும் வளையத்தையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்துவிட்டுக் கீழே அளங்கள். இப்போது சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. ஆன்டெனாவை மாட்டியபடி இந்தச் சோதனையைச் செய்து முடிவுக்கு வராதீர்கள். சில ஆன்டெனாக்கள் மல்டிமீட்டருக்கு ஷார்ட் ஆனதுபோலவே தெரியும், அவற்றின் அமைப்பு அப்படி.

ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிளுக்கு பிஎல்-259-இல் ரெட்யூசர் என்ற சின்னக் குழாய் வேண்டும். அதை விட்டுவிட்டுப் பின்னலை வெறுமனே திணித்து முறுக்கிய கனெக்டர்களை நிறைய வெட்டி எறிந்திருக்கிறேன். சாலிடர் செய்வதைக் கரையில் காற்றில்லாத மறைவில் செய்யுங்கள். கடல்காற்றில் அயர்ன் சூடே ஏறாது. சூடு ஏறாத முனையை அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் இளகி நடுக்கம்பி ஒருபக்கம் சாய்ந்துவிடும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே ஷார்ட்.

ஃபைபர் படகுகளில் இன்னொன்றையும் பாருங்கள். கார் கூரையில் வைக்கும் அரை மீட்டர்க் கம்பி ஆன்டெனாவை மாட்டியிருப்பார்கள். அந்தக் கால் அலை ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தகடு வேண்டும், கார் கூரைதான் அதன் பாதி உடம்பு. ஃபைபரில் அது கிடையாது. எத்தனை கனெக்டர் மாற்றினாலும் முள் இறங்காது. கடலுக்கென்று செய்த அரை அலை ஆன்டெனாவை வாங்குங்கள், அதற்குத் தகடு தேவையில்லை.

சரி, மீட்டர் 1.2 காட்டுகிறது, ஆனாலும் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது என்ன செய்வது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அக்கரைப்பேட்டையில் ஒரு விசைப்படகு. ஓனர் வயதானவர், எங்கள் அப்பாவோடு கடலுக்குப் போனவர். கடையில் சொன்னபடி செட்டை மாற்றியிருந்தார், அப்போதும் தீரவில்லை.

“தம்பி, செட்டு புதுசு. மீட்டரு ஒண்ணே கால்தான் காட்டுது. ஆனா நாகூரத் தாண்டி ஒருத்தனுக்கும் கேக்கலையேப்பா.”

நானும் மீட்டரைப் பார்த்தேன். அவ்வளவு நல்ல அளவு, பழைய கேபிளில். அதுதான் உறுத்தியது.

“பெரியப்பா, நான் மேல ஏறி ஆன்டெனாவக் கழட்டிடுறேன். நீங்க ஒரு வாட்டுல வச்சு, ஒரே ஒரு செகண்டு மைக்க அமுக்குங்க. ஆன்டெனா இல்லன்னா மீட்டரு எகிறணும். எகிறுதான்னு பாத்துச் சொல்லுங்க.”

மேலே ஏறிக் கனெக்டரைத் திருகினேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் விரலில் வழிந்தது.

“எகிறலியே தம்பி. அதே ஒண்ணே கால்ல நிக்குது.”

ஆன்டெனாவே இல்லை, ஆனாலும் மீட்டர் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்கிறது. அப்படியென்றால் செட் அனுப்புகிற சக்தியைக் கேபிளே குடித்துவிடுகிறது. மேலே போவதும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. திரும்பி வராததால் மீட்டர் நல்ல அளவைக் காட்டுகிறது. கேபிள் முனையைக் கத்தியால் சீவினேன். செம்புப் பின்னல் மின்னுவதற்குப் பதிலாகக் கரிபோல இருந்தது. மூன்றடி வெட்டினேன், கறுப்பு. ஆறடி வெட்டினேன், அப்போதும் கறுப்பு. பின்னல் விளக்குத்திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தது. கேபிள் முழுவதையும் மாற்றினோம். அன்று சாயங்காலமே அவர் காரைக்கால் படகு ஒன்றோடு பேசினார்.

ஆகவே மழையில் நனைந்த பழைய கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். 15 மீட்டர் நல்ல ஆர்ஜி-58 கேபிளில் ஆன்டெனா இல்லாவிட்டால் மீட்டர் 3-ஐ ஒட்டியாவது நிற்கும். கேபிள் குட்டையாக இருந்தால் இன்னும் மேலே போகும். நகரவே இல்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்.

தண்ணீர் புகாமல் தடுக்க: கனெக்டரை முறுக்கியதும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தபடி, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்பு ஓட்டுக்கூரைபோல வெளிப்பக்கம் சரிந்து தண்ணீரைத் தள்ளும். அதன்மேல் வெயில் தாங்க சாதாரண டேப் ஒரு சுற்று. கேபினுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளை ஒரு தொங்கலாக விடுங்கள், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்து மழை பக்கவாட்டில் அறையும்போதுதான் இந்த வேலையின் அருமை தெரியும்.

பக்கத்தில் கேட்கிறது, தூரத்தில் கேட்கவில்லை

இது கோளாறாகவும் இருக்கலாம், இயற்கையாகவும் இருக்கலாம். முதலில் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போடுங்கள். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமி வளைந்தால் அதுவும் மேலே போய்விடும். கணக்கு இது: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். எதிர்ப்பக்க ஆன்டெனாவுக்கும் அப்படியே போட்டு இரண்டையும் கூட்டுங்கள். 4 மீட்டர் உயர ஆன்டெனா இரண்டுக்கும் இருந்தால் 16 கிலோமீட்டர் சொச்சம். 6 மீட்டர் என்றால் 20.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி நேர்கோட்டில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர், காரைக்கால் 18, தரங்கம்பாடி 30. நாகை வாசலில் நிற்கும் படகு வேளாங்கண்ணிக்கு நேரே நிற்கும் படகோடு தெளிவாகப் பேச வேண்டும். காரைக்காலுக்கு நேரே நிற்பது எல்லைக்கோடு. தரங்கம்பாடிக்கு நேரே நிற்கும் படகு கேட்கவில்லை என்றால் செட்டைக் குறை சொல்லாதீர்கள். டெல்டா தட்டையான பூமி. குன்றின்மேல் கோபுரம் வைக்க இங்கே குன்று இல்லை. நாம் எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவுதான் தூரம். 25 வாட்டை 50 ஆக்குவதைவிட ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது அதிகப் பலன் தரும்.

வேளாங்கண்ணி தூரமே வரவில்லை என்றால் கோளாறு உண்டு. கேபிளின் தடிமனைப் பாருங்கள். ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் 15 மீட்டருக்கு ஏறக்குறைய 3 டிபி தின்னும், அதாவது பாதி சக்தி. 25 வாட் மேலே போகும்போது 12. அதே நீளத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டால் 18 வாட்டுக்கு மேல் போய்ச் சேரும். உயரம் வேண்டும் என்று கேபிளை நீட்டி, மெல்லிய கேபிளில் எல்லாவற்றையும் தொலைப்பவர்கள் உண்டு. டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிள் வேண்டவே வேண்டாம்.

மேலே நின்று ஆன்டெனாவைச் சுற்றிப் பாருங்கள். இரும்புக் குழாய், விளக்குக் கம்பம், இன்னொரு ஆன்டெனா எதுவும் ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. செங்குத்தாக நிற்க வேண்டும். அழகுக்காகப் பின்னால் சாய்த்து வைக்காதீர்கள். வெள்ளைக் குழாயில் நகத்தால் தடவினால் மயிரிழை விரிசல் தட்டுப்படுகிறதா? உள்ளே தண்ணீர் போயிருக்கும், மாற்றிவிடுங்கள். ஆன்டெனாவின் அடிமரை வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரைபோல இருக்காது. வெல்டிங் கடையில் ஜிஐ பைப்பை வைத்துத் திணித்தால் அடிப்பகுதி வெடிக்கும். அதற்குரிய மவுன்ட்டையே வாங்குங்கள்.

நீளமான 6 டிபி ஆன்டெனா, அதாவது கதிரைத் தட்டையாகக் கூடுதலாகக் குவித்து அனுப்புவது, நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். பெரிய படகுக்குச் சரி. அலையில் ஆடும் சின்னப் படகில் அதன் தட்டையான கதிர் ஒருமுறை வானத்தைப் பார்க்கும், ஒருமுறை தண்ணீரைப் பார்க்கும். பேச்சு ஏறி இறங்கிக் கேட்கும். சின்னப் படகுக்கு ஒரு மீட்டர் சொச்சம் நீளமுள்ள 3 டிபி ஆன்டெனாதான் பொருத்தம்.

கேபிள் மிச்சம் இருந்தால் ஒரு சொம்பின் வாயைவிடச் சிறியதாகச் சுற்றாதீர்கள். வெட்டிக் குறைத்தாலும் ஒன்றும் ஆகாது.

இரைச்சலாகவே இருக்கிறது

ஸ்குவெல்ச்சை, அதாவது இரைச்சலை அடக்கும் குமிழை, ஏற்றி வைத்தால்தான் சத்தம் அடங்குகிறது, அப்படி வைத்தால் தூரத்துப் படகும் கேட்காமல் போகிறது. இப்படி ஆனால் படகுக்குள்ளேயே எதிரி இருக்கிறான்.

இரவில் படகைக் கட்டிவிட்டு, இன்ஜினையும் எல்லா விளக்கையும் அணையுங்கள். பேட்டரியில் செட் மட்டும் ஓடட்டும். ஆள் பேசாத சேனலில் ஸ்குவெல்ச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, இரைச்சல் உடைந்து வரும் இடத்துக்கு ஒரு நூல் மேலே நிறுத்துங்கள். இனி ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் வருகிறதோ அதுதான். பெரும்பாலும் எல்இடி ஃபோகஸ் லைட்டாக இருக்கும். அதற்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் மலிவாகச் செய்யப்பட்டிருந்தால் அதுவே ஒரு டிரான்ஸ்மிட்டர். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது. எல்இடி விளக்கு எரிந்தால் வயர்லெஸ் கேட்காமல் போகலாம் என்று. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கைத் தள்ளி வையுங்கள், வயரில் ஃபெரைட் வளையம் போடுங்கள், தீராவிட்டால் அந்த விளக்கை மாற்றுங்கள். ஆபத்து நேரத்தில் எல்லா விளக்கையும் போடுவோம். அப்போதுதான் வயர்லெஸ்ஸும் வேண்டும்.

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ‘ஙீ’ என்ற சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டர். செட்டின் வயரை வேறு எதோடும் சேர்க்காமல் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனால் பாதி அடங்கும். கன்வெர்ட்டரையும் சந்தேகப்படுங்கள்.

16-இல் கேட்கிறது, வேறு சேனலுக்குப் போனால் ஆள் இல்லை

இதில் வயர் வேலை எதுவும் இல்லை. சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், எல்லா செட்டிலும் ஒன்றுதான். ஆனால் சில சேனல்களில் படகு பேசும் அலைவரிசையும் கரை பேசும் அலைவரிசையும் 4.6 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி இருக்கும். 1 முதல் 5 வரை அப்படித்தான். அங்கே இரண்டு படகு போனால் இரண்டும் ஒரே இடத்தில் பேசும், இரண்டும் வேறு இடத்தில் கேட்கும். படகோடு படகு பேச 6, 8, 72, 77 போன்ற சேனல்களுக்குப் போங்கள். செட்டில் ‘யுஎஸ்ஏ’ என்று விழுந்திருந்தால் ‘இன்டர்நேஷனல்’ என்று மாற்றுங்கள். பட்டன் தெரியாமல் அமுங்கி மாறிவிடும்.

யாராலும் பேச முடியவில்லை, ஏதோ மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது

யாரோ ஒரு படகில் மைக் பட்டன் அமுங்கியபடி கிடக்கிறது. வலைமூட்டைக்குக் கீழே மாட்டியிருக்கும், அல்லது உப்பு ஏறிய பட்டன் திரும்ப எழுந்திருக்காது. அந்த ஒரு படகு சுற்றியுள்ள எல்லோருடைய சேனல் 16-ஐயும் அடைத்துவிடும். அது நமது படகாகவும் இருக்கலாம். செட் பேச்சை அனுப்பிக்கொண்டிருப்பதைக் காட்டும் ‘டிஎக்ஸ்’ (TX) திரையில் தெரிகிறதா என்று உடனே பாருங்கள். மைக்குக்கு ஒரு கொக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

காம்பஸ் தப்பாகக் காட்டுகிறது

செட்டுக்குள்ளும் மைக்குக்குள்ளும் ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. காம்பஸிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். கோடியக்கரைக்குக் கிழக்கே எல்லைக்கோட்டுப் பக்கம் தொழில் செய்பவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

சிவப்புப் பொத்தான் வேலை செய்யவில்லை

டிஎஸ்சி வசதியுள்ள செட்டில் மூடிக்குக் கீழே சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் சேனல் 70 வழியாக ஆபத்துச் செய்தி தானாகப் போகும், பேசக்கூட வேண்டாம். ஆனால் எம்எம்எஸ்ஐ என்ற 9 இலக்க எண்ணை செட்டில் பதியாவிட்டால் அது வெறும் பொத்தான்தான். இந்தியப் படகுகளுக்கு அந்த எண் 419 என்று தொடங்கும். முறைப்படி உரிமத்தோடு வாங்கிப் பதியுங்கள். பல செட்டுகளில் ஒன்றிரண்டு முறைதான் பதிய விடும், ஆகவே ஒவ்வொரு இலக்கமாக இன்னொருவர் வாசிக்கக் கேட்டுப் பதியுங்கள். பழைய படகை வாங்கியவர்கள் முந்தைய ஓனரின் எண் உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இருந்தால், ஆபத்தில் தேடி வருபவர்கள் வேறு படகைத் தேடுவார்கள்.

அடுத்தது இருப்பிடம். செட்டுக்குள் ஜிபிஎஸ் இல்லையென்றால் வெளி ஜிபிஎஸ்ஸிலிருந்து இரண்டு வயர் வர வேண்டும். அதன் ‘அவுட்’ செட்டின் ‘இன்’-க்கு. வேகம் 4800 என்று இரண்டிலும் இருக்க வேண்டும். திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை ஓடினால் சரி. கோடு கோடாக நின்றால் வயரை மாற்றிப் பாருங்கள்.

சிவப்புப் பொத்தானைச் சோதனைக்காக அழுத்தக் கூடாது. டெஸ்ட் கால் என்ற மெனு இருக்கும், இன்னொரு படகின் எண்ணுக்கு அதை அனுப்பிப் பாருங்கள். தவறி அழுத்திவிட்டால் பயந்து செட்டை ஒளித்து வைக்காதீர்கள். செய்தியை ரத்து செய்துவிட்டு, 16-இல் படகின் பெயரைச் சொல்லி, தவறுதலாகப் போய்விட்டது என்று சொல்லுங்கள். உங்களைத் தேடிக் கப்பல் கிளம்பாமல் இருக்கும்.

கையடக்க செட் மட்டும் உள்ள ஃபைபர் படகுகள்

5 வாட், உட்கார்ந்த உயரத்தில் ஆன்டெனா. இரண்டு கையடக்க செட்டுக்கு இடையே கணக்கில் 10 கிலோமீட்டர், நடைமுறையில் அதற்கும் குறைவு. பேசும்போது எழுந்து நின்று, செட்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் பின்பக்கப் பித்தளைப் பொட்டுகளை அழிரப்பரால் தேயுங்கள், பெரும்பாலும் அதுதான்.

புறப்படுவதற்கு முன்னால்

கரையில் கட்டியிருக்கும்போதே பக்கத்துப் படகைக் கூப்பிட்டு ‘கேக்குதா?’ என்று கேட்பது சோதனையே இல்லை. நூறடி தூரத்துக்கு ஆன்டெனா இல்லாமலும் கேட்கும். கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே வந்ததும், வேளாங்கண்ணிப் பக்கமோ நாகூர்ப் பக்கமோ நிற்கும் தெரிந்த படகை 72-க்கு வரச் சொல்லுங்கள். சேனல் 16 ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் மட்டும், அங்கே நீட்டிப் பேசக் கூடாது. 72-இல் முதலில் 1 வாட்டில் பேசுங்கள்.

“அண்ணே, ஒரு வாட்டுல பேசுறேன். எப்படிக் கேக்குது?”

“லேசா இரையுது, ஆனா வார்த்தை புரியுது.”

7, 8 கிலோமீட்டருக்கு 1 வாட்டில் வார்த்தை புரிந்தால் கேபிளும் ஆன்டெனாவும் நன்றாக இருக்கின்றன. பிறகு 25-க்கு மாற்றி, இன்ஜின் ஓட, எல்லா விளக்கும் எரிய, ஒரு நிமிஷம் பேசுங்கள். அப்போதே செட்டின் பின்பக்க வோல்ட்டைப் பாருங்கள். 25-இல் மட்டும் கேட்டு 1 வாட்டில் கேட்கவே இல்லை என்றால், இன்றைக்குச் சமாளிக்கும், மழைக்காலத்தில் கைவிடும். திரும்பி வந்ததும் மேலே ஏறிக் கனெக்டரைப் பிரியுங்கள்.

அந்த அளவுகளை, அதாவது பேசும்போது வோல்ட் எவ்வளவு, எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு, எந்தப் படகுக்கு எங்கே கேட்டது என்பதைத் தேதியோடு கேபின் கதவின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின், மின்சாரமும் செல்போனும் நாள்கணக்கில் இல்லை. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குக் கூப்பிடவும் கோபுரம் வேண்டும். படகுக்குப் படகு வயர்லெஸ் பேசுவதற்குக் கோபுரம் வேண்டாம். அடுத்த தடைக்காலத்தில் கதவில் எழுதியதோடு புது அளவை ஒப்பிடுங்கள். பேசும்போது வோல்ட் அரை குறைந்திருந்தால் பியூஸ் ஹோல்டரிலிருந்து தேட ஆரம்பியுங்கள், எஸ்.டபிள்யூ.ஆர். மாறியிருந்தால், கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, மேல்முனை டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.